இருமல் என் வீட்டோடு நிற்கட்டும் என்று கேட்டேன்

சபையாருக்கு ஸ்தோத்திரம். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி வந்து வாசிக்கிறேன்.

நாங்கள் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் தெருவில் இருமாத வீடு கிடையாது, எல்லாம் பஞ்சுத் தூசி. தறி ஓடினால் சோறும் உண்டு, இருமலும் உண்டு என்று கேலி பேசுவோம். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும், மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் ஜெனிபா இருமத் தொடங்கினாள். யாரும் பதறவில்லை. "தறித் தூசிதானுங்க, மழை வந்தாச் செரியாப் போயிரும்" என்றார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் இருமினார்கள். இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

அப்போது என் மகன் சாமுவேல் பிறந்து ஒரு மாதம். தடுப்பூசி போடும் வயது வரவில்லை. தம்பிக்கு முத்தம் கொடுக்காமல் ஜெனிபா புத்தகப் பையை இறக்க மாட்டாள்.

அவனுக்கும் அது வந்தது, இருமக்கூடத் தெம்பில்லை. மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலமாகியது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இது தூசி இல்லம்மா, கக்குவான் இருமல். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்தும்" என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முழங்காலில் நின்றேன். என் பிள்ளையைக் கொடுங்கள் ஆண்டவரே என்று மட்டும்தான் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் ஆராதனையில் இருந்த நேரம், அவன் போய்விட்டான்.

ஆண்டவர்மேல் எனக்குக் கோபம். வேதத்தைத் தொடவில்லை. அடக்கம் முடிந்து தெருவே துக்கம் கேட்க வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வியும் ஏழு மாத வயிற்றோடு வந்தாள். கூட அவள் மகன் கதிர், ஜெனிபாவின் வகுப்பு. வாசலிலேயே இருமினான். அதே கூவல். "ஆண்டவரே, இது என் வீட்டோட நிக்கட்டும்" என்று என்னை அறியாமல் ஜெபம் வந்தது.

எழுந்தேன். "துக்கம் அப்புறம் கேக்கலாம் செல்வி. பையனைக் கூட்டிக்க, டாக்டர்கிட்டப் போலாம்."

"தறித் தூசிதானுங்க அக்கா."

"நாங்களும் அப்படித்தான் சொன்னோம் அம்மணி."

அவள் கதிரின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். துக்க வீட்டுப் பொம்பளை தெருவில் இறங்கலாமா என்று பின்னால் முணுமுணுத்தார்கள். இறங்கினேன்.

டாக்டர் கதிருக்கும் செல்விக்கும் வீட்டில் எல்லாருக்கும் மருந்து கொடுத்தார். மறுநாள் பள்ளிக்குப் போனேன். பெரிய டீச்சர் சுகாதார நர்ஸை வரவழைத்தார். இருமுகிற பிள்ளைகளுக்கு மருந்து, விட்டுப்போனவர்களுக்குத் தடுப்பூசி. டாக்டர் சொல்லும்வரை அந்தப் பிள்ளைகள் வீட்டில்தான். அப்பா பகல் ஷிப்ட், அம்மா ராத்திரி ஷிப்ட் என்று தறியை மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். நான் வீடு வீடாகப் போனேன். போகும் வழியெல்லாம் அதே ஜெபம்.

அதன்பின் எங்கள் தெருவில் ஒரு தொட்டிலும் காலியாகவில்லை. மழைக்காலத்தில் செல்விக்குப் பெண் பிறந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று நான் ஒதுங்கி நின்றேன். "அக்காதானுங்க மொதல்ல தொட்டில்ல போடோணும்" என்று என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குழந்தையின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். தடையில்லாமல் வந்தது. ஸ்தோத்திரம் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

நான் முதலில் கேட்டதைக் கர்த்தர் தரவில்லை. ஏனென்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டாவது கேட்டதைத் தந்தார். உங்கள் வீட்டில் பிள்ளை இருமினால் நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டி டாக்டரிடம் நடங்கள், கர்த்தர் கூடவே வருவார்.

ஒரு விண்ணப்பம். செல்வியின் குழந்தையைப் பார்க்க வந்த ஜெனிபா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றாள். அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள்.