எனிட் முன்னால் நடந்த ஞாயிறு

எங்கள் நடைக்குழுவில் இரண்டே சட்டம். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. முன்னால் போகிறவர் வில்ஃப். மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு கடைசியில் வருகிறவள் அவர் மனைவி எனிட். இங்கிலாந்தின் டார்பிஷர் மேடுகளில் ஆட்டுப் பட்டிக் கேட்டுகளுக்குக் குறைவே இல்லை. எல்லோரும் நுழைந்தபின் ஒவ்வொன்றையும் சாத்துவது அவள் வேலை. இருபத்தாறு வருஷ ஞாயிறுகளில் புருஷனும் பெண்டாட்டியும் கால் மைல் இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். எங்கள் கல்யாணம் நிலைத்ததே அதனால்தான் என்பாள் எனிட்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்குத் தீராத கடுப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் வில்ஃப் நின்று, திரும்பி, பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் தலை தெரிந்ததும் கைத்தடியை ஒரு தரம் தூக்கிக் காட்டிவிட்டு நடப்பார். நான் ஆமை மாதிரி வருகிறேன் என்று ஊருக்கே காட்டுகிறார் மனுஷன் என்று, சாண்ட்விச் பிரிக்கும்போதெல்லாம் என்னிடம் புலம்புவாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டே ஆமாம் போடுவேன். பசி வேளையில் யார் எதைச் சொன்னாலும் நான் ஆமாம்தான் போடுவேன்.

ஜனவரியில் வில்ஃப் இறந்துபோனார். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, ஒன்பது மைல், தலைமை வில்ஃப் என்று அட்டவணை முன்பே அச்சாகியிருந்தது. ரத்து செய்துவிடலாம், இல்லையென்றால் போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் கூட்டிப்போகிறேன் என்றார் செயலாளர் நைஜல். எனிட் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவர் பேர் போட்ட நடை. நான்தான் முன்னாடி போவேன்."

"இத்தன வருஷமா நீ பாத்தது எங்க முதுகுப் பையத்தானே எனிட்? பாதை எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். வழி தவறினால் அந்த இடத்திலேயே தலைமையை நைஜலிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. மஞ்சள் சட்டை என் தலையில் விழுந்தது.

அந்த ஞாயிறு காலை ஓடையைத் தாண்டி மேலே ஏற ஏற மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர்கள் ஆட்களாகத் தெரியவில்லை; சிவப்பாக, நீலமாக ஏதோ மிதந்து போயிற்று. குட்டியைத் தேடும் ஆட்டின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. பேச்சு தானாக அடங்கியது. எனக்குக் கால் இருப்பதே மறந்துபோனது. இப்படியே நடந்து வேறெங்கோ போய்ச் சேர்ந்தாலும் சரிதான் என்று தோன்றியது.

பிறகு எல்லோரும் நின்றுவிட்டார்கள். கல்சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேட்டுகள். அவற்றுக்கு அப்பால் வெறும் வெள்ளை. எது நம் வழி என்று எனிட்டுக்குத் தெரியவில்லை. நைஜல் போனை எடுத்தார்.

"போதும் கண்ணு. இங்க குடுத்துடு."

எனிட் முதல் கேட்டைத் திறந்து அந்தப் பக்கம் போனாள், எங்கள் முகத்துக்கு நேரே சாத்தினாள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டாவதிலும் அப்படியே போனாள். இந்தத் தடவை அவள் இடுப்பு தானாக ஒரு முட்டு முட்டியது, கை தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளியது. கேட் சாத்திக்கொண்டது. பனிக்குள் அவள் முகம் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"இதுதான். இந்தச் சனியன முட்டாம சாத்தவே முடியாது."

நைஜல் போனை ஒரு தரம் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார், வரிசையில் போய் நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இறக்கத்தில் பனி விலகியது. குதிகாலில் கொப்புளத்தோடு நான் கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் எனிட் நின்று, திரும்பி, என்னையே பார்த்தாள். நான் கண்ணில் பட்டதும் வில்ஃபின் கைத்தடியைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தாள். மூன்றாவது தடவை எனக்கும் கோபம் வந்துவிட்டது. நான் என்ன ஆமையா?

கிராமத்துக்கு முந்தின கடைசிக் கேட்டில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். அழுதிருந்தாள்.

"ஏன் லேட்டுன்னு திட்றாருன்னுல்ல நெனச்சேன்? முன்னாடி நின்னு பாத்தாத்தான் தெரியுது. அந்த மஞ்சச் சட்ட வர்ற வரைக்கும் வேற எதுவும் கண்ணுல படல."

இந்த ஒரு தரம் ஆமாம் போட எனக்கு வாய் வரவில்லை.

நீ போ, இதை நான் சாத்துகிறேன் என்றாள். பதினேழு பேரும் வந்தாயிற்று, நான் எண்ணிவிட்டேன். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டைத் திறந்தே பிடித்துக்கொண்டு, நாங்கள் இறங்கிவந்த திருப்பத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கைத்தடியை ஒரு தரம் தூக்கிக் காட்டிவிட்டுச் சாத்தினாள்.