இரண்டு நெட்டையர்களுக்கு ஒரு கூடை

என் வீட்டுக்காரருக்குக் கூடைப்பந்துதான் பிழைப்பு. ஊரே அவரை ஏணி என்றுதான் கூப்பிடுகிறது. எங்கள் வாசல்நிலைக்கும் அவர் நெற்றிக்கும் தீராத பகை. ஆட்டத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கூடைக்கு அடியில் நிற்பது, வருகிறவனை மறிப்பது, விழுகிற பந்தை எடுப்பது. அதை வைத்தே முப்பத்தைந்து வயது வரை வண்டியை ஓட்டிவிட்டார்.

இந்த சீசனில் அணிக்கு இன்னொரு நெட்டையன் வந்தான். இளவட்டம், அவரைவிட உயரம். கூட ஆடுகிறவர்கள் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். இப்போதெல்லாம் இரண்டு நெட்டையர்களைச் சேர்த்து இறக்க எல்லோரும் பயப்படுகிறார்கள். எதிரணியின் உயரமான ஆள்கூடக் கூடையை விட்டுத் தள்ளி வெளியே, மூன்று புள்ளி கிடைக்கும் கோட்டில் நின்று எறிகிறான். அவனைத் துரத்த வேகமான கால் வேண்டும். ஆக, ஒட்டகம் ஆடினால் ஏணி பெஞ்சில். பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது.

பயிற்சியாளர் வேறு கணக்குப் போட்டார். "ரெண்டு பேரையும் சேர்த்தே இறக்கிப் பாக்கறேன். அவன் உள்ள நிக்கட்டும், நீங்க வெளிய வந்து மறிங்க. முடிஞ்சா அணியில இருப்பீங்க. முடியலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

முதல் ஆட்டத்தில் மானம் போயிற்று. எதிரணிக்காரன் எறியக் கையைத் தூக்கினாலே இவர் கால் தானாகக் கூடைக்கு அடியில் போய்விடும். அங்கே ஏற்கெனவே ஒட்டகம். இருவரும் ஒரே பந்துக்கு எம்பி, முட்டிக்கொண்டு விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜ்தான் கூடை. நான் ஜன்னலோரம் முட்டைக்கோஸோடு நிற்பேன். அதை நான் தூக்குவதற்குள் அவர் வந்து மறிக்க வேண்டும்.

"ஏங்க, மறுபடியும் ஃபிரிட்ஜுக்கே போறீங்களே, அங்க அப்படி என்ன இருக்கு?"

"கால்தான் போகுதும்மா. நான் போகல."

சிரித்தோம். பிறகு முழங்காலில் ஐஸ் வைக்கும்போது அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இதை விட்டால் அவருக்கு என்ன தெரியும்?

மெல்ல மெல்லக் கால் வழிக்கு வந்தது. வெளியே போய் மறித்தார். பந்து கையில் கிடைத்தாலும் உள்ளே ஓடாமல் தள்ளி நின்று, எல்லோர் தலைக்கும் மேலே ஒட்டகத்துக்கு எறிந்தார். அவன் வாங்கிக் கூடையில் திணித்தான். வரிசையாக ஜெயித்தார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன், முட்டாள்.

சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் கூப்பிட்டனுப்பினார். போய்வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ரெண்டு பெரிய ஆளுங்க சேர்ந்து ஆடலாம்னு நான்தான் காட்டுனேனாம். அதனால ஒட்டகத்துக்கு ஜோடியா இன்னொருத்தனை எடுத்துட்டாங்க. சின்ன வயசு. தூரத்துல இருந்தும் எறிவானாம். எனக்கு இடம் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தாளு மனுஷன்தானா? உங்க முழங்கால்ல சோதிச்சுப் பாத்துட்டு, பலன் இன்னொருத்தனுக்கா?"

"நாளைக்கு வரச் சொல்றார்."

"இன்னும் எதுக்கு?"

"புதுசா வர்றவனுக்கு எங்க நிக்கணும், எப்ப வெளிய வரணும்னு காட்டணுமாம்."

"நறுக்குன்னு நாலு கேட்டுட்டு வந்தீங்களா இல்லையா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."