மாதா படம் ஒட்டிய பாட்டில்

காலி பாட்டில் எது கையில் கிடைத்தாலும், செல்வமேரி அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். கல்யாண வீட்டு சர்பத் பாட்டிலும் தப்பாது.

பாலக்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தர்மாஸ்பத்திரியில் அவர் ஆயா. வைத்தியத்துக்குக் காசில்லை, மருந்துக்குப் பாட்டில் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். விடிந்ததும் வாசலில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும். மண்ணெண்ணெய் வாடை அடிப்பதையெல்லாம் செல்வமேரி சாம்பல் போட்டுக் கழுவித் தருவார்.

ஐம்பத்தெட்டில், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரிலிருந்து வள்ளிக்கண்ணு வந்தாள். பூக்கட்டிப் பிழைப்பவள். ஐந்து மாதக் கர்ப்பம், முகமெல்லாம் வெளுப்பு. முதல் பிள்ளை தங்கவில்லை. ரத்தம் ஊறாவிட்டால் இந்தப் பிரசவத்தில் தாய்க்கே ஆபத்து, வாரம் தவறாமல் வந்து இரும்பு மருந்து வாங்கிப் போக வேண்டும் என்றார் டாக்டர் சிஸ்டர்.

அவளிடம் பாட்டில் இல்லை.

"மருந்த உள்ளங்கையிலயா ஊத்துறது?" என்றார் கம்பவுண்டர் பாக்கியநாதன்.

செல்வமேரி தன் அலமாரியிலிருந்த வேளாங்கண்ணிக் கோயில் எண்ணெயை டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, மாதா படம் ஒட்டிய அந்தப் பாட்டிலைக் கழுவி நீட்டினார்.

சில வாரம் வந்தாள். முகத்தில் கொஞ்சம் களை தட்டியது. பிறகு ஆளைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செல்வமேரி ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார். மேலூரில் விசாரித்துக்கொண்டு வள்ளிக்கண்ணு வீட்டுக்குப் போனால், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. கழுத்தில் கதம்பச் சரம். உள்ளே காவேரித் தண்ணீர்.

"தெனம் ஒரு வாய் குடுக்கறேங்க," என்றாள் மாமியார் அமிர்தம். "மருந்துல என்ன இருக்கு, எல்லாம் படத்துல இருக்கற அந்தம்மா மகிமை."

மகிமை இல்லை என்று சொல்ல செல்வமேரிக்கு வாய் வரவில்லை. வள்ளிக்கண்ணுவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பழைய வெளுப்பு.

"தண்ணியிலயே ரத்தம் ஊறும்னா காவேரிக்கரையில ஆஸ்பத்திரியே வேணாமுங்க. மாதாவுக்கு ஒரு வேல, டாக்டருக்கு ஒரு வேல. டாக்டரு வேலையையும் அவங்க தலையில கட்டாதீங்க."

அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "படம் போட்ட பாட்டில எப்படிங்க வெளிய அனுப்பறது? வீட்ட விட்டு அவங்களையே அனுப்பற மாதிரியில்ல?"

செல்வமேரி வாளித் தண்ணீரில் பாட்டிலை முக்கிவைத்து, ஓரம் நைந்த பிறகு, படத்தைக் கிழியாமல் நகத்தால் உரித்தெடுத்து மாமியார் கையில் கொடுத்தார்.

"படம் உங்க வீட்டுல இருக்கட்டும். பாட்டில் வாராவாரம் எங்ககிட்ட வரட்டும்."

வந்தது. வாரம் ஒரு முழம் பூவும் சேர்ந்தே வந்தது. கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது, தாய்க்கும் குறையில்லை. அதற்குப் பிறகு படமோ எழுத்தோ ஒட்டிய பாட்டிலை செல்வமேரி யாருக்கும் கொடுத்ததில்லை.

மாத்திரை வந்த பிறகு பாட்டில் கொண்டுவருவது நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இப்போது தையல் பள்ளிக்கூடம் நடக்கிறது. செல்வமேரி மன்னார்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மேலூரில் பெருமாளுக்குப் பக்கத்தில் மாதா படம் அப்படியே இருக்கிறது.