ஏழாம் நம்பர் காற்றாலை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்திருந்த தலைப்பு, காற்று குறையும் நேரம் பார்த்துக் காற்றாலைகளைப் பழுதுபார்த்தால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்பது. ஒரு காற்றாலைப் பண்ணையின் பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். ஏழாம் நம்பர் மட்டும் இடித்தது. பழுதென்று எட்டு மாதமாக நிறுத்தி வைத்திருக்கும் இயந்திரம் அது. ஆனால் காற்றே இல்லாத மத்தியானங்களில் மின்சாரம் தந்ததாகப் பதிவு சொன்னது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீட்டர் கோளாறும்மா. ஏழாம் நம்பரை விட்டுட்டு மத்ததை எழுது. இல்லேன்னா வேற தலைப்பு எடு."

"ரெண்டும் முடியாது சார். நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"உன் பிடிவாதத்துக்கே தனியா ஒரு பட்டம் குடுக்கலாம்."

பண்ணையில் காவலாளி சாவியைக் கொடுத்தார். "நான் உள்ள வரலம்மா" என்று மட்டும் சொன்னார்.

மணி 2.10. ஒரு புல்கூட அசையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். இறக்கைகள் நின்றிருந்தன. கோபுரத்தின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனேன். இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் சுவரோடு ஓர் ஏணி தெரிந்தது. பக்கத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் சின்னத் திரையில் பச்சை எழுத்து: 'ஓடுகிறது'.

ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

டங்... டங்...

மேலே யாரோ பூட்ஸ் காலோடு நடந்தார்கள். பிறகு ஒரு குரல்.

"கீழ யாரு? மிஷினை நிறுத்தியாச்சா?"

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் கோபமும் வந்தது. இதற்காகவா என் தலைப்பை மாற்றச் சொன்னார்கள்?

"நிறுத்தல" என்று கத்தினேன். "ஓடிட்டு இருக்கு. எதையும் தொடாதீங்க. இறங்கி வாங்க."

பூட்ஸ் சத்தம் ஏணிப் பக்கம் திரும்பியது.

டங்... டங்... டங்...

இறங்கி வந்தது. ஏணி என் கையில் அதிர்ந்தது. யாரும் தெரியவில்லை.

நான் நகரவில்லை.

கடைசிப் படி.

முகத்தில் ஒரு மூச்சு...

திரை அணைந்தது.

அதன்பிறகு ஏழாம் நம்பரிலிருந்து எந்தப் பதிவும் வரவில்லை. ஆய்வேட்டிலிருந்து அதை நான் எடுக்கவுமில்லை. பேராசிரியர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பல நாள் கழித்துத்தான் பண்ணையின் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏழாம் நம்பரை நிறுத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, மேல வேலை பாத்த ஆளு ஒருத்தன் அப்படித்தான் கேட்டான். கீழ இருந்தவங்க நிறுத்தியாச்சுன்னுட்டாங்க. நிறுத்தல. சுத்துற மிஷின் தட்டிவிட்டு அங்கேருந்து விழுந்து செத்துட்டான்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஆமா, நீ எதைப் பிடிச்சுட்டு நின்னேன்னு சொன்னே?"

"ஏணியை."

"அதை விசாரணைக்குன்னு அப்பவே கழட்டிட்டுப் போயிட்டாங்களேம்மா. அங்க இன்னும் வேற ஏணி மாட்டல."