உங்கள் தெருவில் யார் வைத்திருக்கிறார்கள்?

போன மாதம் எங்கள் டான்ஸ் வகுப்பு ஊமையாகிவிட்டது.

பயப்படாதீர்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் பகலில் கணக்கு டீச்சர். சாயந்திரம் தஞ்சாவூரில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் பெண்களுக்கு டான்ஸ் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது பழைய செய்தி. அந்த வகுப்பை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினேன். மறுநாள் பார்த்தால் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஓடிய பாட்டு அடுத்தவருடையதாம்... எனக்கு உரிமை இல்லையாம்.

சத்தமே இல்லாமல் இருபத்திரண்டு பெண்கள் குதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டெறும்புப் புற்றில் கால் வைத்த மாதிரி இருந்தது.

இத்தோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காலனி ஆண்டு விழாவில் எங்கள் ஆட்டமும் இருந்தது. விழாவை நேரலையாகக் காட்டுகிறார்கள். சங்கச் செயலாளர் நேரில் வந்து சொல்லிவிட்டார்.

"மேடம், அடுத்தவங்க பாட்டப் போட்டா லைவே நின்னுரும். சொந்தமா மியூசிக் இருந்தா ஆடுங்க. இல்லன்னா இந்த வருஷம் வேணாம்."

மூன்று மாதப் பயிற்சி. பாதிப் பேர் இதுவரை எந்த மேடையிலும் ஏறாதவர்கள். என் பின்வீட்டு ராஜேஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. அம்மா ஆடப்போவதைப் பார்க்க வாருங்கள் என்று சென்னையில் இருக்கும் இரண்டு மகன்களுக்கும் சொல்லிவிட்டார், அவர்கள் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள்.

"அப்ப நாம ஆடலயா மேடம்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"ஆடறோம். மியூசிக் நான் போடறேன்" என்றேன்.

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பாட்டுப் பாட வேண்டாம், வீணை வாசிக்க வேண்டாம். குதிக்கத் தோதாக மூன்று நிமிட எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். லேப்டாப் இருக்கிறது, ஒரு சாஃப்ட்வேர் இருந்தால் போதாதா?

எந்த சாஃப்ட்வேர் என்று தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான்கைந்து பெரிய தலைகள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் ரசிகர் மன்றம் இருக்கிறது, கமெண்ட் பகுதியில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறார்கள். நான் கணக்கு டீச்சர் இல்லையா... நான்கை டிரையலுக்கு இறக்கி, நாற்பத்தொரு வரிசையில் அட்டவணை போட்டு, மார்க் கொடுத்தேன். உலகத்து டிஜேக்கள் எல்லாம் கொண்டாடும் ஒன்று முதல் ரேங்க். சாம்பல் நிறத்தில் அழுது வடிந்த ஒன்று கடைசி.

முதல் ரேங்கைத் திறந்தேன். ஐந்து நாள் உட்கார்ந்து ‘டும் டும் டும் டும்’ வரவழைத்தேன். சந்தோஷம்தான். ஆனால் அதன் கூட, அடியில் உறுமும் பேஸ் சத்தத்தைச் சேர்த்ததும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கஞ்சி மாதிரி கொழகொழத்தது. வழி சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால், அவர்கள் அமுக்கும் பட்டன் என் திரையில் இல்லை. அவர்களுடையது வேறு வெர்ஷன். யாரைப் போய்க் கேட்பது? விழாவுக்குப் பத்தே நாள்.

அந்தச் சனிக்கிழமை நீடாமங்கலம் பக்கத்தில் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மஸ்கட்டில், வயல் முழுக்க அண்ணி பொறுப்பு. வயதில் என்னைவிட மூன்று வருடம் சின்னவர், உறவில் பெரியவர். அதனால் இருவருமே ஒருவரையொருவர் வாங்க, போங்கதான். அன்று அறுப்பு மிஷின் உள்ளே இறங்கியிருந்தது. வரப்பில் நின்றபடி என் கதையைக் கொட்டினேன்.

முழுதும் கேட்டுவிட்டு அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க தெருவுல யாரு அத வச்சிருக்கா?"

"எங்க தெருவுல என்ன, தஞ்சாவூர்லயே யாரும் வச்சிருக்க மாட்டாங்க அண்ணி. உலக லெவல்" என்றேன் பெருமையாக.

அண்ணி நடுவில் இருந்த ஒரு வயலைக் காட்டினார். "நம்ம பங்காளி வயலுதான். போன வருஷம் அவரு மட்டும் நல்ல ரகம்னு கேள்விப்பட்டு எங்கேருந்தோ வெத வாங்கியாந்து போட்டாரு. வெளஞ்சுது, அருமையாத்தான் வெளஞ்சுது. எங்களுதுக்கு முன்னாடியே வெளஞ்சுருச்சு. மிஷின் எப்படி உள்ள போவும்? சுத்தி எங்க பயிரு பச்சையா நிக்கிது. பத்து நாள் பாத்துக்கிட்டே இருந்தாரு. மழ வந்து சாச்சுருச்சு."

"அப்ப ரகம் மோசமா?"

"ரகத்துல என்ன தப்பு? பக்கத்துல யாரும் போடல, அவ்ளோதான்" என்றவர், மிஷின்காரரிடம் ஏதோ சொல்ல நகர்ந்துவிட்டார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வரப்பில் நின்றபடியே வகுப்பு வாட்ஸப் குரூப்பில் கேட்டேன்: நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது டான்ஸ் மியூசிக் போடும் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்களா?

இரண்டே நிமிடத்தில் பதில். எங்கள் இரண்டாம் வரிசை சுமதி. "எங்க வீட்டுக்காரர் போடுவாரு மேடம்."

அவர் பல் டாக்டர். அடுத்த தெரு. கிளினிக்கில் காத்திருக்கும்போது ஓடும் மியூசிக் எல்லாம் அவர் போட்டதாம். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். "இத்தன நாளா ஏங்க சொல்லல?" என்றால், "நீங்க கேக்கவே இல்லயே மேடம்" என்கிறார் சுமதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு போனேன். டாக்டர் மாடியில் இருந்தார். அவர் வைத்திருந்தது எது தெரியுமா? நான் கடைசி ரேங்க் கொடுத்த, அந்த அழுது வடிந்த சாம்பல் நிறம்.

"எத்தனையோ இருக்கே, இது ஏன் டாக்டர்?"

"காலேஜ்ல என் ரூம்மேட் இதத்தான் வச்சிருந்தான் மேடம்."

வேறு காரணம் எதுவும் இல்லை. அங்கேயே நானும் அதற்கு மாறினேன். என் கஞ்சியைக் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "டும் விழறப்ப பேஸ் கொஞ்சம் ஒதுங்கி வழி விடணும். இங்க பாருங்க." இரண்டு பட்டன். சத்தம் தனித்தனியாகப் பிரிந்து நெஞ்சில் வந்து மோதியது. ஐந்து நாள் நான் முட்டிக்கொண்டது இதற்குத்தான்.

அடுத்த வாரம் முழுக்க அவருக்கு போன் போட்டேன். ஒரு தடவை பின்னால் மெஷின் ‘உய்ங்’ என்று ஓட, "பேஷண்ட் வாயத் தொறந்துட்டு இருக்காங்க மேடம், அஞ்சு நிமிஷம்" என்றார். சரியாக ஐந்தாவது நிமிடம் அவரே கூப்பிட்டார்.

இப்போது அடித்துச் சொல்கிறேன். நான்கில் எதில் போட்டாலும் டும் டும்தான். ஆடுகிறவள் காதுக்கு எந்த சாஃப்ட்வேர் என்றா தெரியப்போகிறது? எது சிறந்தது என்று நாள்கணக்கில் ஆராய்கிறோம். மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. லேப்டாப்பை விடுங்கள், மிக்சி வாங்குவதிலும் இதே கதைதான்.

போன ஞாயிறு விழா. இரண்டாவது நிமிடத்தில் தாளம் ஓரிடத்தில் இடறியது, என் கைவேலை. இருபத்திரண்டு பேரும் சேர்ந்து இடறியதால் அதுவும் ஒரு ஸ்டெப் ஆகிவிட்டது. ராஜேஸ்வரி முன்வரிசையில் ஆடினார். மகன்கள் இருவரும் நாற்காலி மேல் ஏறி நின்று வீடியோ எடுத்தார்கள். லைவ் நிற்கவில்லை. இணையத்தில் இன்று வரை சத்தம் அப்படியே இருக்கிறது, தினமும் காலையில் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அவ்வளவு பெருமை.

நேற்று வகுப்பு முடிந்தும் ராஜேஸ்வரி கிளம்பவில்லை. பெரிய மகன் தன் பழைய லேப்டாப்பை அம்மாவிடம் விட்டுப் போயிருக்கிறானாம்.

"நானும் மியூசிக் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன் மேடம். இருக்கறதுலயே நல்ல சாஃப்ட்வேர் எது?"

நான்கையும் பற்றி அரை மணி நேரம் பேச என்னிடம் விஷயம் இருக்கிறது. பேசவில்லை.

"நான் வச்சிருக்கறதையே போடுங்க. கொல்லையில நின்னு கூப்பிட்டா எனக்குக் கேக்கும்."