வாழ்த்து மடலில் வந்த பெற்றோர்

பெரம்பலூரில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர், நான் மூன்று பேரும் சாப்பாட்டு டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு வாழ்த்து மடல் எழுத உட்காருவோம். ஒருத்தி ஒரு வரி சொல்வாள். இன்னொருத்தி, "ஐய, இது தேர்தல் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்று அடித்துப் போடுவாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் நாலு பத்தி தேறும். அதை அச்சடித்து மண்டபத்தில் எல்லாருக்கும் கொடுத்து, மைக்கில் நான் வாசிப்பேன். தமிழ் டீச்சர் என்றால் சும்மாவா?

இந்த முறை கல்யாணம் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு. திருமானூர்ப் பக்கத்துப் பெண். அவளே விரும்பிய பையன், வேறு சாதி. வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். பையன் வீட்டார்தான் கல்லங்குறிச்சி கோயிலில் தாலி, அரியலூரில் சின்ன மண்டபத்தில் சாப்பாடு என்று ஏற்பாடு செய்தார்கள். பத்திரிகை கொடுக்கும்போது அவள் சொன்னாள்: "பொண்ணு வூட்டு ஆளுங்கன்னு எனக்கு நீங்க மூணு பேருதான்க்கா."

பரீட்சைத் தாள் திருத்தும் நேரம் அது. "எப்ப உக்காரலாம்?" என்று கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல். "உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறோம், நான் பாத்துக்கறேன் விடுங்க" என்றேன். போனில் இருக்கிற ஏ.ஐ.யிடம் மணமக்கள் பெயரைக் கொடுத்து, மரபான மடல் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. எதுகை மோனையெல்லாம் அம்சமாக இருந்தது. அதே வாரம்தான், ஏ.ஐ. எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். வெட்கங்கெட்டவள், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

மண்டபத்தில் மைக்கைப் பிடித்ததும் குரல் தானாக ஏறியது. "மணமகளை ஈன்றெடுத்த தாயும் தோளில் சுமந்த தந்தையும் இதோ இம்மன்றத்தில் கண்குளிர நின்று வாழ்த்த..." அந்த வரியை வாசித்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. மேடையில் நின்றவள் சட்டென்று தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். பையனுடைய உறவுக்காரர்கள் கையிலிருந்த மடலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "பொண்ணப் பெத்தவங்க யாரு?" என்று கேட்டது எனக்கே கேட்டது. மீதி வரிகளை எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை.

இறங்கி வந்ததும் கணக்கு டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாங்களும் ஒரு தடவ வாங்கிப் பாக்காம வுட்டுட்டமே" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தால் அந்த வரி வந்தே இருக்காது. யாராவது ஒருத்தி, "இந்தப் புள்ளைக்கு என்ன எழுதறது?" என்று கேட்டிருப்பாள். எங்கள் பேச்சும் மடலை விட்டு அவள் வீட்டுப் பக்கம் போயிருக்கும்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அவள் தனியாகக் கிடைத்தாள். "மன்னிச்சிரும்மா. நான் எழுதல, போன்ல..." என்று ஆரம்பித்தேன். தப்பை அதன் தலையில் கட்டப் பார்க்கிறேனே என்று அப்போதே நாக்கு குழறியது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கில்லக்கா. நீங்க வாசிச்சதும், மூணு பேருமா எங்க வூட்டுக்குப் போயி பேசி, அப்பா அம்மாவக் கூட்டியாந்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

அரியலூரிலிருந்து திருமானூருக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது. போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.