வலிக்காத குதிகாலுக்கு ஒரு பிளாஸ்திரி

இந்த ஊரில் ஷூவோடு கட்டில் வரைக்கும் போகிறார்கள். பியூனஸ் அயர்ஸுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் எனக்கு அது சகிக்கவில்லை. கணவருக்குத் துறைமுகப் பட்டறையில் வெல்டர் வேலை. ரங்கூன் வழக்கப்படி அவரை 'கோகோ' என்றுதான் கூப்பிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை, "வீட்டுக்குள்ளயே கெடந்து புழுங்காத, வா" என்று ஊர் சுற்றிக்காட்டும் கூட்டத்தோடு என்னையும் கூட்டிப்போனார்.

வழிகாட்டி லூசியாவுக்கு என் வயதுதான் இருக்கும். சதுக்கம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் என்று காலையெல்லாம் நடக்கவைத்துவிட்டு, மத்தியானம் பழைய துறைமுகப் பக்கம் போனாள். அங்கே எல்லாம் தகர வீடுகள். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து, ஒரு சுவருக்கு நீலம், இன்னொன்றுக்கு மஞ்சள் என்று அந்தக் காலத்துக் கூலிக்காரர்கள் பூசினார்களாம். ஒரு வீட்டின் முன்னால் நின்று, "என் கொள்ளுத்தாத்தா இத்தாலியிலிருந்து கப்பலில் வந்து இங்கே மூட்டை தூக்கினார். இது அவர் வீடு. இந்த ஊரைக் கட்டியது நாங்கள்தான்" என்றாள். கோகோ எனக்குத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

என் கொள்ளுத்தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியே கூனிப்போனவர். லூசியா நாலாவது தலைமுறை, நானும் நாலாவது. ரங்கூனின் கியாக்டடா பேட்டையில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தைக் காட்டவும் வழிகாட்டிகள் வருவார்கள். வெள்ளைக்காரன் கட்டியது என்று தூணையும் ஜன்னலையும் காட்டுவார்கள். படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் எங்களை, போட்டோவில் விழாமல் தள்ளி உட்காரச் சொல்வார்கள். அடையாள அட்டைக்குப் போனால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ரங்கூன் என்பேன். சரி, உண்மையில் எந்த ஊர் என்பார்கள். ரங்கூனில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

லூசியாவை அப்படி யாரும் மறுபடி கேட்கவில்லை. அவள் பாட்டுக்குக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கூட்டமும் திமுதிமுவென்று பின்னால் போனது. எனக்கு மட்டும் வாசலில் கால் நின்றுவிட்டது. ரங்கூனில் பகோடாக் கோயில் வாசலில் செய்வதுபோல, யோசிக்காமல் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றிவிட்டேன்.

"ஏய் மாலா, என்ன பண்ற? இங்க யாரும் கழட்ட மாட்டாங்க. மாட்டு, மாட்டு" என்று கோகோ பல்லைக் கடித்தார்.

"பெரியவரு வாழ்ந்த எடம். மிதிச்சிக்கிட்டா போறது?"

"அவங்களே மிதிக்கிறாங்க. ஒனக்கென்ன வந்துச்சு?"

என் எரிச்சலே அதுதான். சொந்தம் என்பதால் அவளால் மிதிக்க முடிகிறது.

லூசியா திரும்பி ஓடிவந்தாள். என் வெறுங்காலைப் பார்த்து, வலிக்கிறதா என்று ஸ்பானிஷில் கேட்டாள். அந்த அளவுக்கு எனக்குப் புரியும். கோகோ விளக்க வாயெடுத்தார். 'எங்க ஊர்ல இப்படித்தான்' என்று அவர் சொல்லப்போவது தெரிந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த 'எங்க ஊர்' என்பதை அங்கே ஒரு நாளாவது எங்களைச் சொல்ல விட்டார்களா? ஆமாம், வலிக்கிறது என்று தலையாட்டினேன்.

அவள் தன் கொள்ளுத்தாத்தாவின் வாசலில் மண்டியிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து, காயமே இல்லாத என் குதிகாலில் அழுத்தி ஒட்டினாள். நான் ஒரு காலில் ஷூவோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாளாகிவிட்டது. குளிக்கும்போதுகூட அந்தப் பிளாஸ்திரி நனையாமல் பார்த்துக்கொள்கிறேன்.